கொல்பக்ஸ்: ஒரு சிற்றூரின் முதுசொம்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான லூயிசியானாவிலே, ரெட் நதியின் கிழக்குக் கரையில், கொல்பக்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் தொகை ஏறத்தாழ 1,400 மட்டுமே. ஆயினும் கிராண்ட் என்னும் மாவட்டத்துக்கு அதுவே தலைமையிடம். எமது வழக்கிற் கூறுவதானால் கச்சேரியும் நீதிமன்றமும் உள்ள ஊர். லூயிசியானாவில் மாவட்டத்துக்கு வழங்கும் பெயர், கத்தோலிக்கத் திருச்சபையினர் 'பங்கு' என்று கூறும் அதே சொல்லாகும். பிரான்சும் ஸ்பெயினும் அப்பகுதியை ஆண்ட காலத்து வழக்கு இன்றும் மாறாதிருக்கின்றது.

இத்தகைய ஊர்களுக்கு ஆண்டுக்கொரு விழா உண்டு. கொல்பக்ஸில் 1969ஆம் ஆண்டு தொடக்கம் நவம்பர் மாதத்திற் பெக்கான் கொட்டை விழா நடைபெற்று வந்துள்ளது. உல்லாசப் பிரயாணிகளுக்கான கைந்நூல்கள் இவ்விழாவையும் அயலிலுள்ள காட்டையும் நதியையும் பற்றிப் பேசும். அவற்றை நாம் குறைகூற வரவில்லை. எமது அக்கறை அவ்வூரில் நாட்டப்பட்ட மூன்று சாசனங்களைப் பற்றியது. முதலாவது 1921இல் நாட்டப்பட்டது. இரண்டாவது 1950ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்றாவது 2023இல் திறந்து வைக்கப்பட்டது. மூன்றும் ஒரே நாளைப் பற்றியே பேசுகின்றன. முதுசொம் என்பது முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. சொத்தென்று வந்துவிட்டாற் பங்குபிரிப்பும் வழக்கும் உடன் வரும். கொல்பக்ஸின் முதுசொ வழக்கு நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்த வழக்காகும்.

அவ்வூர் இருக்கும் நிலம் முன்னர் ஒரு தனிமனிதனின் உடைமையாக இருந்தது. மெரடித் கல்ஹூன் என்னும் பெருந்தோட்டச் சொந்தக்காரன் 1830களில் அலபாமா மாநிலத்திலிருந்து அடிமைகளைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டுவந்து ரெட் நதிக்கரையின் வண்டல் நிலத்திற் குடியேற்றினான். நான்கு பெருந்தோட்டங்கள், ஏறத்தாழ 14,000 ஏக்கர், எழுநூறுக்கு மேற்பட்ட அடிமைகள், பருத்தி, கரும்பு ஆகியன அவனுடைய ஐசுவரியம். கல்ஹூன் குடும்பத்தார் தமது காலத்திற் பெரும்பகுதியைப் பாரிஸ் நகரத்திற் கழித்தனர். ரெட் நதிக்கரையில் எடுத்த பருத்தி பாரிசின் விருந்து மண்டபங்களிற் செலவாகியது. பிற்காலத்தில் நியூயோர்க்கின் மத்திய பூங்காவை வடிவமைத்துப் புகழ்பெற்ற பிரடெரிக் லோ ஓம்ஸ்ரெட் 1850களிலே தென் மாநிலங்களிற் பிரயாணஞ் செய்தார். ரெட் நதிக்கரையில் நான்கு தோட்டங்கள் அடுத்தடுத்து அமைந்த ஓரிடத்தில் அடிமைச் சிறுமி ஒருத்தி சவுக்கால் அடிக்கப்பட்டதை நேரிற் கண்டு அவர் எழுதிவைத்தார். அவ்விடம் கல்ஹூனின் தோட்டமே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அடித்த கங்காணியின் முகத்திற் கோபங்கூட இருக்கவில்லை என்பதே ஓம்ஸ்ரெட்டின் உள்ளத்தைத் தாக்கியது போலும்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்கள் முதலிற் கேட்டது காணி. தாமும் தம் பெற்றோரும் இரத்தமும் வியர்வையும் சிந்திப் பண்படுத்திய நிலத்தில் ஒரு துண்டு தமக்குக் கிடைக்குமென அவர்கள் நம்பினர். ஜனாதிபதி அண்ட்ரூ ஜோன்சன் அதே ஆண்டிற் பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களைப் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். காணி கைநழுவியது, வாக்குரிமை கிடைத்தது. 1867இற் காங்கிரஸ் இயற்றிய புனரமைப்புச் சட்டங்களும், 1868இல் லூயிசியானா வகுத்த புதிய அரசியலமைப்பும் கறுப்பின ஆண்களை வாக்காளராக்கின. காணியில்லாத வாக்குரிமை எத்துணை நாள் நிலைக்கும் என்ற கேள்விக்குரிய விடையைக் கொல்பக்ஸின் கதை தன்னுள் அடக்கியிருக்கின்றது.

மெரடித் கல்ஹூன் 1869இல் இறந்தான். அவனுடைய மகன் வில்லியம், 'வில்லி' கல்ஹூன் என்று அறியப்பட்டவர், தந்தையின் வழியிலிருந்து விலகியவர். பாரிசில் வளர்ந்தவர், சிறுவயது விபத்தினாற் கூன் விழுந்தவர். அவர் குடியரசுக் கட்சியைச் சார்ந்து நின்றார். விடுதலை பெற்றோருக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்க உதவினார். வெள்ளையர் சமுதாயம் அவரை ஒரு துரோகியாகவே கணித்தது. 1869இல் அயல் மாவட்டங்களிலிருந்து நிலம் பிரித்துப் புதிய மாவட்டம் ஒன்று அமைக்கப்பட்டபோது அதன் தலைமையிடமாகக் கல்ஹூன் தோட்டத்தின் படகுத்துறையே தெரிவு செய்யப்பட்டது. மாவட்டத்துக்கு ஜனாதிபதி கிராண்டின் பெயரும், ஊருக்கு உப ஜனாதிபதி ஸ்கைலர் கொல்பக்ஸின் பெயரும் இடப்பட்டன. அடிமை முறையைக் காக்கப் போராடிய படையைத் தோற்கடித்த தளபதியின் பெயரை அடிமைகள் உழைத்த நிலத்துக்கே இட்டது துணிகரமான செயல்தான். கொல்பக்ஸின் பெயரை இட்டது அத்துணை நற்சகுனமாக அமையவில்லை. புகையிரதக் கம்பனி ஊழல் ஒன்றில் அகப்பட்டுப் பெயர் கெட்ட நிலையில் அவர் 1873 மார்ச் மாதம் பதவியை விட்டுச் சென்றார்.

புதிய மாவட்டத்துக்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது. தோட்டத்திற் செங்கல்லாற் கட்டப்பட்ட குதிரை லாயம் ஒன்று இருந்தது. அதுவே நீதிமன்றமாயிற்று. முன்னர் எசமானனின் குதிரைகள் நின்ற இடத்தில் முன்னாள் அடிமைகள் யூரிமாராக அமரும் காலம் வந்தது. இதனை ஒரு கதாசிரியன் கற்பனையாக எழுதியிருந்தால் மிகைப்படுத்தி விட்டான் என்று விமரிசகர் கூறியிருப்பர்.

*

ஆயிரம் பேர்கூட வாழாத ஓர் ஊரின் குதிரை லாயத்துக்காக நூற்றைம்பது பேர் ஆயுதந்தாங்கி வந்து கொலை புரிந்தது ஏன்? இனவெறி என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அது பொய்யான விடையன்று. ஆனாற் போதாத விடை. பருத்தி விளையும் ஒரு மாவட்டத்தில் அரசாங்கம் என்பது உழைப்பாளியின் கண்ணுக்கு எவ்வுருவில் தென்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

வாஷிங்டன் அவனுக்கு வெகு தூரம். மாநிலத் தலைநகராக அப்பொழுது இருந்த நியூ ஓர்லியன்சுக்கு நீராவிக் கப்பலிற் செல்ல நாட்கள் பிடிக்கும். அவனறிந்த அரசாங்கம் மாவட்டத் தலைமையிடத்து ஷெரிப்பும் நீதிபதியுமே. வாரத்துக்குப் பயிர் செய்பவன் அறுவடை முடிந்ததும் தன் பங்கைக் கேட்டு, தோட்டத்துரை மறுத்தால், வழக்கு வருவது அந்த நீதிபதியிடம். விதைக்கும் உணவுக்கும் கடன் கொடுத்த கடைக்காரன் விளைச்சலை ஈடாகப் பிடித்துக்கொண்டால், பிடியாணையை நிறைவேற்றுபவன் அந்த ஷெரிப். யூரிமாரைத் தெரிவு செய்வது அங்கே. நிலத்துக்கு வரி மதிப்பது அங்கே. வாக்குப் பெட்டியைத் திறந்து எண்ணுவது அங்கே. இரவிற் குதிரையேறி வந்து கறுப்பினத்தவரின் வீட்டுக்குத் தீ மூட்டியவனைக் கைது செய்வதா, விடுவதா என்று முடிவு செய்வதும் அங்கேதான். காணியைப் பறிகொடாத தோட்டத்துரைமார் கச்சேரியைப் பறிகொடுத்து விட்டனர் என்பதே அவர்களுடைய உண்மையான முறைப்பாடு. காணியும் கச்சேரியும் வெவ்வேறு கைகளில் நெடுங்காலம் இருக்க முடியாது என்பதை அவர்கள் தமது எதிரிகளிலும் பார்க்க நன்குணர்ந்திருந்தனர்.

துப்பாக்கியுடன் வந்தவர்கள் யாவரும் தோட்டத்துரைமாரல்லர். நதியோரத்து வண்டல் நிலம் பெரியோரிடம் இருக்க, உட்புறத்து மேட்டு நிலங்களிற் சிறு பயிர்ச்செய்கையாளரான வெள்ளையர் வாழ்ந்தனர். அவர்களிற் பலர் ஒருபோதும் அடிமைகளை வைத்திருந்தவரல்லர், வறியோர். கறுப்பின உழைப்பாளியோடு சேர்ந்து தோட்டத்துரையிடம் கணக்குக் கேட்டிருக்க வேண்டிய இவ்வேழைகள், தோட்டத்துரையின் பக்கம் நின்று கறுப்பின உழைப்பாளியைச் சுட்டனர். தோலின் நிறம் தமக்களித்த சிறிய மேன்மையை விட வேறு உடைமை அவர்களிடம் இருக்கவில்லை.

கிராண்ட் மாவட்டத்திற் கறுப்பின மக்கள் சிறு பெரும்பான்மையினராயிருந்தனர். எனவே நேர்மையான தேர்தல் ஒவ்வொன்றும் பழைய எசமானர்க்குத் தோல்வியாகவே முடியும். நேர்மையற்ற வழிகளே எஞ்சியிருந்தன. 1871 செப்டம்பரில் டெலோஸ் வைற் என்னும் குடியரசுக் கட்சி அதிகாரி தாம் குடியிருந்த வீடு தீக்கிரையாக்கப்பட்ட வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையிற் சம்பந்தப்பட்டவரெனக் குற்றஞ்சாட்டப்பட்டோருள் கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ் என்பவனும் ஒருவன். உள்நாட்டுப் போரிலே தென்னகப் படையின் அதிகாரியாக இருந்து சிறைப்பட்டு மீண்டவன் இவன். சந்தேக நபர்களைக் கைது செய்ய முன்னின்றவர் வில்லியம் வார்ட். இவர் அடிமையாகப் பிறந்து, ஒன்றியப் படையிற் சேர்ந்து போரிட்டு, மாநிலக் குடிப்படையில் ஓர் அணிக்குத் தலைவரானவர். நாஷும் வார்டும் அன்றைய கொல்பக்ஸின் இரு துருவங்கள் எனலாம்.

1872 நவம்பர்த் தேர்தலில் இரு தரப்பினரும் வெற்றியைக் கோரினர். குடியரசுக் கட்சியின் வில்லியம் பிற் கெலோக், எதிரணியின் ஜோன் மக்கெனரி ஆகிய இருவரும் 1873 ஜனவரியில் ஆளுநராகத் தனித்தனியே பதவிப் பிரமாணஞ் செய்துகொண்டனர். இடையிலே சில வாரங்கள் பிஞ்ச்பக் என்னும் கறுப்பின அரசியல்வாதி ஆளுநர் கடமையை ஆற்றினார். ஐக்கிய அமெரிக்காவின் மாநிலமொன்றில் அப்பதவியை வகித்த முதற் கறுப்பினத்தவர் அவரே. ஜனாதிபதி கிராண்ட் கெலோக்கையே அங்கீகரித்தார். நியூ ஓர்லியன்சில் இரண்டு ஆளுநர் இருந்ததைப் போலக் கொல்பக்ஸிலும் இரண்டு ஷெரிப்பும் இரண்டு நீதிபதியும் தோன்றினர். எதிரணியின் ஷெரிப் நாஷ்; நீதிபதி கசபாட். குடியரசுக் கட்சியின் ஷெரிப் ஷோ, நீதிபதி ரெஜிஸ்டர்.

1873 மார்ச் 25ஆந் திகதி இரவு குடியரசுக் கட்சியினர் நீதிமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்து பதவிகளைப் பொறுப்பேற்றனர். வெள்ளையர் ஆயுதந் திரட்டுகின்றனர் என்ற செய்தி பரவியது. கறுப்பின மக்கள் நீதிமன்றத்தைச் சுற்றி அகழி வெட்டினர்; நீராவிக் குழாய்களை வெட்டி எடுத்துப் பீரங்கி போல் அமைத்தனர். எதிரணி வழக்கறிஞர் ரட்லண்ட் என்பவரின் வீடு கொள்ளையிடப்பட்டது. அங்கே வைக்கப்பட்டிருந்த, அவருடைய இறந்த குழந்தையின் பெட்டியும் வெளியே எறியப்பட்டது. இதனை மறைக்க வேண்டிய தேவை எமக்கில்லை. ஆனால் அயலூர் வெள்ளையர் பத்திரிகைகள் இந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு, கறுப்பினத்தவர் வெள்ளைப் பெண்களைக் கவரப் போகின்றனர் என்ற கட்டுக்கதையையும் அதனோடு முடிந்து, மாவட்டம் விட்டு மாவட்டம் பரப்பின. ஏப்பிரல் 5ஆந் திகதி ஜெஸி மக்கினி என்னும் கறுப்பின விவசாயி தன் வேலியை அடைத்துக்கொண்டிருந்த இடத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆயுதந் தாங்கியவரல்லர், நீதிமன்றத்துக்குச் சென்றவருமல்லர். அதன் பின்னரே அச்சங்கொண்ட குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு கொல்பக்ஸை நோக்கித் திரண்டு வந்தன. நீதிமன்றம் தம்மைக் காக்கும் என்று அவர்கள் எண்ணினர். வார்ட் உதவி கோரி நியூ ஓர்லியன்சுக்குச் சென்றார். லீவை அலன் என்பவர் பொறுப்பில் நின்றார்.

ஏப்பிரல் 13, உயிர்த்த ஞாயிறு. நாஷின் தலைமையில் ஏறத்தாழ 150 வெள்ளையர் குதிரைகளில் வந்தனர். கிராண்ட் மாவட்டத்தவர் மட்டுமன்றி அயல் மாவட்டத்தவரும் அதிலிருந்தனர். அவர்களிடம் ஒரு சிறு பீரங்கியும் இருந்தது. பெண்களும் சிறுவரும் வெளியேற அரை மணி நேரம் கொடுக்கப்பட்டது. உள்ளே எஞ்சியோரும் ஏறத்தாழ 150 பேர். ஆனாற் பலரிடம் துப்பாக்கி இல்லை. நண்பகலுக்குப் பின் தொடங்கிய சண்டை, பீரங்கியை ஆற்று அணைக்கரைப் பக்கமாகக் கொண்டு சென்று அகழியைப் பக்கவாட்டில் தாக்கியதுடன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிலர் காட்டை நோக்கி ஓடினர். குதிரைகளில் வந்தோர் அவர்களைத் துரத்திச் சுட்டனர். எஞ்சியோர் நீதிமன்றத்துக்குள் புகுந்தனர். கைதியாக அகப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, அவர் கையாலேயே கூரைக்குத் தீ வைப்பித்தனர்.

உள்ளிருந்தோர் வெள்ளைக்கொடி காட்டினர். அவ்வேளை வெள்ளையர் தலைவருள் ஒருவனான ஜேம்ஸ் ஹட்நொட் சுடப்பட்டான். உள்ளிருந்து சுட்டனர் என்று வெள்ளையர் கூறினர். அவர்களுடைய சொந்தப் பக்கத்துக் குண்டே அவன்மீது பட்டது என்று தப்பியோர் கூறினர். அதன் பின் நடந்ததைச் சண்டை என்று கூற இயலாது. எரியும் கட்டிடத்திலிருந்து வெளியே வந்தோர் வாயிலிலேயே கொல்லப்பட்டனர். சரணடைந்த கைதிகள் சுமார் நாற்பது பேர் மாலை வரை காவலில் வைக்கப்பட்டனர். இரவானதும், வீட்டுக்கு விடுவதாகக் கூறி, இருவர் இருவராக நடத்திச் சென்று பின்னிருந்து சுட்டனர். அவர்களுள் லீவை நெல்சன், பெஞ்சமின் பிரிம் என்னும் இருவர் செத்தவர் போற் கிடந்து உயிர் பிழைத்தனர். அன்றிரவு துறையில் நின்ற நீராவிக் கப்பலின் பிரயாணிகளுக்குப் பிணங்கள் காட்சிப் பொருளாகக் காட்டப்பட்டன. இரண்டு நாட்களின் பின் நியூ ஓர்லியன்சிலிருந்து வந்த அதிகாரிகள் கண்டது எரிந்த சுவர்களையும் அடக்கஞ் செய்யப்படாத உடல்களையுமே. பல உடல்கள் அவர்கள் தாமே வெட்டிய அகழியிற் புதைக்கப்பட்டன.

இறந்த வெள்ளையர் மூவர். இறந்த கறுப்பினத்தவர் எத்தனை பேர்? 1875இற் காங்கிரசுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட இராணுவ அறிக்கை 81 பேரைப் பெயர் குறித்துக் கூறியது. மேலும் 15 முதல் 20 உடல்கள் ஆற்றில் எறியப்பட்டன என்றும், 18 உடல்கள் இரகசியமாகப் புதைக்கப்பட்டன என்றும் மதிப்பிட்டது. ஆராய்ச்சியாளர் கூறும் தொகைகள் 60க்குச் சற்று மேலிருந்து 150 வரை செல்கின்றன. புனரமைப்புக் காலத்தில் நிகழ்ந்த தனியொரு இனப் படுகொலையில் இதுவே மிகக் கொடியது என்பர் எரிக் போனர் போன்ற வரலாற்றாசிரியர்கள்.

*

நியூ ஓர்லியன்சில் மத்திய அரசின் வழக்குத்தொடுநராக இருந்த பெக்வித் 97 பேர்மீது குற்றஞ்சாட்டினார். பிடிபட்டு விசாரணைக்கு வந்தோர் ஒன்பது பேர் மட்டுமே. நாஷ் ரெட் நதியைக் குதிரையில் நீந்திக் கடந்து தப்பிவிட்டான். அவ்வூர் வெள்ளையர் அதனை ஒரு வீரச்செயலாகப் பல தலைமுறை பேசினர். கொலைக் குற்றம் மாநில நீதிமன்றத்துக்கு உரியது. கிராண்ட் மாவட்டத்தில் அதற்கு யூரிமாரைக் கூட்ட இயலாது. ஆகவே 1870ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய அமுலாக்கச் சட்டத்தின் கீழ், குடியுரிமைகளைப் பறிக்கச் சதிசெய்தனர் என்பதே குற்றச்சாட்டாயிற்று. பிழைத்த லீவை நெல்சன், மாண்ட அலெக்சாந்தர் ரில்மன் என்னும் இருவரின் பெயர்களை முன்வைத்து வழக்குப் பத்திரம் வரையப்பட்டது. நெல்சன் சாட்சி கூறினார். தம்மைச் சுட்டவரின் முன்னிலையில், அவர்களிடையே மீண்டும் சென்று வாழவேண்டிய ஒரு மனிதர் எழுந்து நின்று சாட்சி கூறுவதென்றால் என்ன என்பதைச் சட்டநூல்கள் விளக்குவதில்லை.

1874இல் நடந்த இரண்டாவது விசாரணையில் மூவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்; அவர்களுள் ஒருவன் வில்லியம் குரூக்சாங்க். நீதியரசர் பிரட்லி அத்தீர்ப்பைத் தள்ளினார். வழக்கு அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1876 மார்ச் 27இற் பிரதம நீதியரசர் வெயிற் தீர்ப்பளித்தார். அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் மாநில அரசுகளையே கட்டுப்படுத்தும், தனியாரைக் கட்டுப்படுத்தாது. கூட்டங் கூடும் உரிமையைத் தனியார் பறித்தால் மாநிலத்திடமே முறையிட வேண்டும். இனங் காரணமாகவே இது செய்யப்பட்டது என வழக்குப் பத்திரம் தெளிவாகக் கூறவில்லை. இவையே தீர்ப்பின் சாரம். மாநிலத்தின் நீதிமன்றத்தையே எரித்தவர்களுக்கெதிராக மாநிலத்திடம் போய் முறையிடுங்கள் என்று கற்றறிந்த நீதியரசர் கூறினர். கொல்பக்ஸ் படுகொலைக்காக இறுதி வரை எவனும் தண்டனை அடையவில்லை.

பிரட்லியின் முடிவு வெளியான 1874ஆம் ஆண்டிலேயே அதன் பயன் விளைந்தது. வெள்ளையர் கழகம் என்னும் ஆயுதந்தாங்கிய அமைப்பு தோன்றியது; கிராண்ட் மாவட்டத்தில் நாஷின் ஆட்களே அதன் முன்னோடிகள். ஆகஸ்டில் கொஷாற்றா என்னும் மற்றொரு சிற்றூரிற் குடியரசுக் கட்சி அதிகாரிகள் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் நியூ ஓர்லியன்சின் வீதிகளிலே ஆளுநர் கெலோக்கின் பொலிசார் தோற்கடிக்கப்பட்டனர். 1877இல் மத்திய அரசின் படை விலகிக்கொண்டது. 1898ஆம் ஆண்டு அரசியலமைப்பு எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி, பாட்டன் வாக்காளனாயிருந்தாற் பேரனுக்கும் வாக்கு என்னும் விதி ஆகியவற்றைப் புகுத்தியது. 1896இல் லூயிசியானாவிற் பதிவு செய்யப்பட்ட கறுப்பின வாக்காளர் 130,334 பேர். 1900இல் 5,320 பேர்.

*

கொன்றவர்கள் கச்சேரியைக் கைப்பற்றினர். அடுத்து அவர்களின் பிள்ளைகள் சரித்திரத்தைக் கைப்பற்றினர். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டனிங்கும் அவருடைய மாணவரும் புனரமைப்புக் காலத்தை அறியாமையும் ஊழலும் நிறைந்த இருண்ட காலமாகச் சித்திரித்தனர். 1915இல் வெளிவந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் திரைப்படம் அதே கதையைப் படிப்பறியாதவர்க்கும் கொண்டு சென்றது. இவ்வாறு பக்குவப்படுத்தப்பட்ட மண்ணிலேதான் 1921இற் கொல்பக்ஸ் இடுகாட்டிற் பன்னிரண்டு அடி உயரச் சலவைக்கல் தூண் எழுந்தது. இறந்த மூன்று வெள்ளையரின் பெயர்களைப் பொறித்து, வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடி வீழ்ந்த வீரர்கள் இவர்கள் என்று அது கூறுகின்றது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுப்பது எமது முன்னோரும் கொண்டிருந்த வழக்கம். சரணடைந்தவரைக் கொன்ற செயலுக்கு நடுகல் எடுத்தமை நாம் கேள்விப்படாத புதுமை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தூண் எதையும் மறைக்கவில்லை. எதற்காகக் கொன்றனர் என்பதை ஒளிவு மறைவின்றிக் கூறிவிட்டது.

1950ஆம் ஆண்டுப் பலகை அவ்வாறன்று. அதனை நிறுவியது மாநில அரசின் வர்த்தக, கைத்தொழிற் பகுதி. உல்லாசப் பிரயாணிகளுக்கென நீதிமன்ற வளவில் நாட்டப்பட்ட அப்பலகை, 'கொல்பக்ஸ் கலவரத்தில்' மூன்று வெள்ளையரும் 150 கறுப்பினத்தவரும் மாண்டனர் என்றும், வடக்கிலிருந்து வந்த வேட்டைக்காரரின் சீர்கெட்ட ஆட்சி அதனுடன் முடிவுற்றது என்றும் அறிவித்தது. கலவரம் என்ற சொல்லுக்கும் படுகொலை என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை எமது வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கொல்பவனும் சாபவனும் சமமாகக் கைகலந்தனர் என்ற மயக்கத்தை முதற் சொல் உண்டாக்குகின்றது. மூன்றும் நூற்றைம்பதும் என்ற கணக்கே அதனைப் பொய்யாக்குகின்றது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இறந்தோர் தொகையைக் குறைத்துக் கூறுவதே குற்றவாளியின் வழமை. இங்கே இராணுவ அறிக்கை எண்ணியதிலும் கூடிய தொகையை அரசாங்கப் பலகை பெருமையோடு கூறுகின்றது. தண்டனை பற்றிய அச்சம் அற்றுப்போன சமுதாயத்தில் பிணங்களின் எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலாகி விடுகின்றது.

இப்பலகைக்கு முன்னால் எழுபது ஆண்டுகள் கொல்பக்ஸின் பிள்ளைகள் நடந்து சென்றனர். இறந்தோரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். வரி கட்டவும், வழக்குப் பேசவும், விவாகப் பதிவுக்கும் அவ்வழியாகவே செல்ல வேண்டும். கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த நாளின் நினைவு வீட்டுக்குள் தாழ்ந்த குரலிற் பேசப்பட்ட கதையாகவே இருந்தது. புலமை உலகிலே, டூ போய்ஸ் 1935இல் எழுதிய 'கறுப்புப் புனரமைப்பு' என்ற பெருநூல், அடிமைகளை வரலாற்றின் கர்த்தாக்களாகக் கண்டது. அன்றைய பல்கலைக்கழகங்கள் அந்நூலைப் பெரிதும் புறக்கணித்தன. 1960களின் குடியுரிமைப் போராட்டத்துக்குப் பின்னரே சரித்திராசிரியர் அவர் காட்டிய வழிக்குத் திரும்பினர். சட்டமும் அவ்வாறே. குரூக்சாங்க் வழக்கில் வலுவிழந்த அதே 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சமான பிரிவு, மிசிசிப்பியின் பிலடெல்பியா என்னும் மற்றொரு மாவட்டத் தலைமைச் சிற்றூரின் அயலில் 1964இல் மூன்று குடியுரிமை ஊழியரைக் கொன்றவர்களுக்கெதிராகப் பயன்படுத்தப்பட்டது. அங்கே உதவி ஷெரிப்பே சதியில் இருந்தான். 1966இல் அதியுயர் நீதிமன்றம் அவ்வழக்கு நடக்க இடமளித்தது.

கொல்பக்ஸைப் பற்றி 2008ஆம் ஆண்டில் சார்ள்ஸ் லேன், லீஆனா கீத் ஆகிய இருவர் தனித்தனியே நூல் வெளியிட்டனர். ஆவணக் காப்பகங்களிற் கிடந்த சாட்சியங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. பலகையை அகற்ற வேண்டுமென்ற கோரிக்கை ஊருக்குள்ளும் வெளியிலும் எழுந்தது. அகற்றுவதாற் சரித்திரம் அழிந்துவிடும் என்று வாதாடியவர்களும் இருந்தனர். பலகை நாட்டப்பட்டபோதே அழிந்த சரித்திரம் எவருடையது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2021 மே 15ஆந் திகதி அது பெயர்த்தெடுக்கப்பட்டது. அதற்குப் பின் இருவர் கூடி ஒரு புதிய நினைவுச்சின்னத்துக்காக உழைத்தனர். ஒருவர் வேலியடைத்த இடத்தில் வீழ்ந்த ஜெஸி மக்கினியின் வழித்தோன்றல். மற்றவர் தாக்க வந்தோரில் ஒருவனின் வழித்தோன்றல். 2023 ஏப்பிரல் 13ஆந் திகதி, நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவன்று, கருங்கற் பலகைகளாலான அச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்டோரை 1875ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் பெயர் குறித்துப் பதிந்துவைத்திருந்தது. அப்பெயர்கள் காகிதத்திலிருந்து கல்லுக்கு வர நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

இடுகாட்டிலுள்ள 1921ஆம் ஆண்டுத் தூணை எவரும் அகற்றவில்லை. புதிய சின்னம் திறக்கப்பட்ட நாளிலும் அது தன் இடத்தில் நின்றது. மூன்று பெயர்கள் அந்தத் தூணில். அகழியிற் புதைந்தோரின் பெயர்கள் இப்பொழுது ஊருக்குள், மக்கள் நடமாடும் தெருவோரத்தில்.